சித்தப்பாவின் போனைக் கட் பண்ணிய மோட்டார்

சித்தப்பா தன் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நல்லா கேளு பாப்பா.”

ஒரு ரிங் போனது. அடுத்த ரிங் ஆரம்பிக்கும்போதே டக்கென்று கட் ஆனது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே டக்.

“பாத்தியா? நீ செஞ்ச மிஷினு என் போனைக் கட் பண்ணுது. உங்கப்பன் பண்ணா மட்டும் எடுத்துப் பேசுது. யாரு பெரியவன், யாரு சின்னவன்னு அதுக்குக்கூட சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க.”

“அது பேசாது சித்தப்பா. பீப்னு ஒரு சத்தம் விடும், அவ்ளோதான்.”

“அந்த பீப்பாவது எனக்கு உண்டா?”

கோலியனூரில் எங்கள் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தோம். பைப்பிலிருந்து தண்ணீர் கொட்டி, வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு அப்பாவின் கரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சித்தப்பாவின் மல்லாட்டை, நிலக்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர். பூ எடுத்து விழுது இறங்குகிற நேரம். மண் இளகியிருந்தால்தான் விழுது உள்ளே போகும், காய் பிடிக்கும். நான் குனிந்து ஒரு விரலால் மண்ணைக் குத்திப் பார்த்தேன். நகம்தான் வலித்தது.

“இன்னும் ரெண்டு மூணு நாள் பாப்பேன்” என்றார் சித்தப்பா. “அப்புறம் கடனோ உடனோ வாங்கித் தனியா போர் போட்டுக்கிறேன். உங்க தண்ணியும் வேணாம், உங்க உறவும் வேணாம். உங்க வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். நீயும் என் வூட்டுக்கு வராத.”

சித்தப்பா கோபத்தில் கத்துகிற ஆள். கத்தினால் நான் பயப்பட மாட்டேன். அன்று அவர் கத்தாமல் சொன்னார்.

மோட்டாருக்கு ஒரு நம்பர்

நான் திண்டிவனத்தில் மோட்டாருக்கு மூளை வைக்கிற வேலை பார்த்தேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன் இல்லையா, “மோட்டாருக்கு எதற்கு மூளை?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நகரத்தில் பிறந்து நகரத்திலேயே குளித்து வளர்ந்தவராக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் நாள் முழுக்க வராது. வருகிறபோது வரும். அந்த நேரம் பார்த்து வயலுக்கு ஓடி சுவிட்சைப் போட வேண்டும். அதற்காக வந்ததுதான் போன் ஸ்டார்ட்டர். ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்தே மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். கிளியனூரில் ஒருவர் தன் போனில் மோட்டாரின் நம்பரை ‘லட்சுமி’ என்று போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு நாங்கள் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தோம்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கிற போர்டையும் ப்ரோக்ராமையும் செய்வதுதான் எங்கள் வேலை. திண்டிவனத்தில் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் பட்டறை. முதலாளி பாஸ்கர் சார். நான் தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் போய் வருவேன். மாடிப்படி ஏறும்போதே யூரியா வாசனை மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு சால்டரிங் அயர்ன் நினைவுதான் வருகிறது.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். போரை எப்படிப் பிரிப்பது? அதைப் பொதுவில் வைத்து, கரண்ட் வருகிற நேரத்தைப் பாதியாகப் பிரித்து முறை வைத்தார்கள். மூத்தவருக்கு முதல் பாதி, இளையவருக்கு மறுபாதி. எங்கள் பக்கத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். “என் முறையில நீ நேரம் திங்கற” என்று ஆரம்பித்தது, பேச்சுவார்த்தை நிற்கிற அளவுக்குப் போனது. இரண்டு பேரும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால், ஒருவர் சேற்றில் இறங்கிப் போவார்.

எனக்கு இது தாங்கவில்லை. சித்தப்பா சைக்கிளின் முன்பக்க பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் நான். அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

அதனால் நானே ஒரு பெட்டி செய்து மாட்டினேன். கரண்ட் வந்ததும் அது அப்பாவின் நம்பருக்கு மட்டும் கீழ்ப்படியும். பாதி நேரம் ஆனதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, அதன்பிறகு சித்தப்பாவின் நம்பருக்கு மட்டும் கீழ்ப்படியும். முறை உள்ளவர் கூப்பிட்டால் எடுத்து ஒரு பீப் விடும், முறை இல்லாதவர் கூப்பிட்டால் கட் பண்ணிவிடும். அப்பாவுக்குச் சீக்கிரமே தண்ணீர் போதும் என்றால், ஒரு மிஸ்டு கால் கொடுத்து நிறுத்தினால் போதும், முறை அப்போதே சித்தப்பாவுக்குப் போய்விடும். பெட்டிக்குப் பூட்டு போட்டு சாவியை நான் வைத்துக்கொண்டேன்.

இனிமேல் யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, சண்டையும் வராது என்று நினைத்தேன். அப்போது எனக்கு ரொம்பப் பெருமை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சித்தப்பா, “என் முறை கொஞ்சம் கொஞ்சமா குறையுது” என்றார். உண்மைதான். பெட்டி நேரத்தைக் குத்துமதிப்பாக எண்ணிக்கொண்டிருந்தது. பாஸ்கர் சார், “இதுக்குப் போயி கஷ்டப்படுவாங்களா? சி லைப்ரரியிலயே ரெடிமேடா டைம் ஃபங்ஷன் கீதே மேடம்” என்று சொல்லி அந்த இடத்தை மாற்றி எழுதினார். புது ப்ரோக்ராமைப் போட்டுப் பெட்டியைத் திருப்பி மாட்டினோம். மிஸ்டு கால் கொடுத்தோம், ஓடியது. இன்னொன்று கொடுத்தோம், நின்றது. திருப்தியாக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் சித்தப்பாவின் முறையிலும் அந்த டக்.

பொட்டு வைத்த விளக்கு

சித்தப்பாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு கோலியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். டிரைவருக்கு முன்னால் இருந்த மீட்டர் பலகையில் ஒரு பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. சாமி படம் இல்லாத இடத்தில் எதற்குப் பொட்டு என்று கேட்டேன்.

“அது இன்ஜின் லைட்டுங்க. செவப்பா எரிஞ்சிக்கினே கீது. ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல, வண்டி ஓடுது. ஏறுறவங்கதான் பாத்து பாத்து பயப்படுறாங்க. அதான் வூட்டுக்காரம்மா பொட்டை எடுத்து ஒட்டிட்டேன்.”

நான் சிரித்தேன். சிரிக்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் எங்கள் பட்டறையிலும் அதேபோல சிவப்பாக எரிந்துகொண்டே ஒன்று இருந்தது.

பாஸ்கர் சார் அந்த சமயம் புது லேப்டாப் வாங்கியிருந்தார். அதில் புது கம்பைலர், நாங்கள் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுகிற மென்பொருள். பழைய ப்ரோக்ராமை அதில் போட்டதுமே கடைசியில் நாலைந்து எச்சரிக்கை வரிகள் வந்தன. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘க்ளோஸ்’ எழுதப்படவில்லை, எப்போதும் தோல்வியடையும். ‘ரீட்’ எழுதப்படவில்லை, எப்போதும் தோல்வியடையும். ‘ரைட்’ எழுதப்படவில்லை, எப்போதும் தோல்வியடையும்.

ஜாதகக்காரர்கூட இப்படி அடித்துச் சொல்ல மாட்டார். ஏதாவது பரிகாரம் வைத்திருப்பார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய லேப்டாப்பில் இந்த வரிகள் வந்ததே இல்லை. அதே ப்ரோக்ராம், அதே போர்டு. நேற்று வரை தோற்காதது இன்று எப்படித் தோற்கும்? ரீட் எப்போதும் தோற்கும் என்கிறது. ஆனால் போர்டு போன் நம்பரைப் படிக்கிறது. ரைட் தோற்கும் என்கிறது. ஆனால் சிம் மாட்டிய மோடத்துக்குக் கட்டளை எழுதி அனுப்புகிறது.

பாஸ்கர் சாரிடம் கேட்டேன்.

“அது சும்மா வர்றதுங்க மேடம். நெட்ல எல்லாருக்கும் வருது. கண்டுக்காதீங்க.”

“ஏன் வருதுன்னு தெரியுமா சார்?”

“ஏன்னு தெரியாது. ஆனா கண்டுக்கக் கூடாதுன்னு தெரியும்.”

நீளப் பெயர்க்காரி

அந்த எச்சரிக்கை வரிகளைச் சொல்வது கம்பைலரோடு வருகிற லிங்க்கர். எனக்கும் அதற்கும் பழைய பகை உண்டு. கல்லூரி முதல் வருஷத்திலேயே ஆரம்பித்தது.

எங்கள் லேபில் முதல் ப்ரோக்ராம், பெயரைக் கேட்டு வணக்கம் சொல்வது. ரெக்கார்டில் இருந்ததை அப்படியே அடித்தோம். அதில் ‘கெட்ஸ்’ என்று ஒரு ஃபங்ஷன். ஓட்டியதும் திரையில் ஒரு வரி: கெட்ஸ் ஆபத்தானது, பயன்படுத்தக் கூடாது.

ஈபி கம்பத்தில் மண்டை ஓடு வரைந்து மாட்டியிருப்பார்களே, அந்த ஆபத்துதான் நான் பார்த்திருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு லேப் அசிஸ்டன்ட்டைக் கூப்பிட்டேன்.

“ரன் ஆவுதா?”

“ஆவுது சார். ஆனா ஆபத்துன்னு...”

“ரன் ஆவுதில்ல? ஜல்தியா அவுட்புட்ட எழுதிட்டு எழுந்திரு. அடுத்த பேட்ச் நிக்குது.”

எனக்கு ‘வணக்கம் தேவி’ என்று வந்தது. பக்கத்தில் இருந்த மகாலட்சுமிக்கு வரவில்லை. பெயரை அடித்து எண்டர் தட்டியதும் ப்ரோக்ராம் செத்து விழுந்தது. மெஷினை மாற்றி உட்கார வைத்தார்கள். அங்கேயும் செத்தது. அவள் தொட்டாலே ஆகவில்லை என்று பேச்சாகி, அவள் பாத்ரூமில் போய் அழுதாள். பெயர் நீளமாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

பாதி சரிதான் அந்த முடிவு. ரெக்கார்டில் பெயருக்கு ஒதுக்கிய இடம் ரொம்பச் சின்னது. கெட்ஸ் என்கிற ஃபங்ஷன், பாத்திரம் எவ்வளவு பெரிது என்று கேட்கவே கேட்காது. வருகிறதையெல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்கும். தேவி என்றால் பாத்திரத்துக்குள் அடங்கும். மகாலட்சுமி என்றால் வழிந்து, பக்கத்தில் வைத்திருந்த வேறு எதையோ நனைக்கும். அதைத்தான் அந்த ஒற்றை வரி எங்களிடம் முன்கூட்டியே சொன்னது. நாங்கள் அதை நம்பாமல் மகாலட்சுமியின் ராசியைச் சந்தேகப்பட்டோம்.

இதெல்லாம் பல வருஷம் கழித்துப் புரிந்தது. பாவம், அவள் பிறகு கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இப்போது செஞ்சியில் டெய்லர் கடை வைத்திருக்கிறாள், என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறாள்.

குடும்பத்தோடு வருகிறவர்கள்

சித்தப்பா கெடு வைத்த மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். சித்தப்பாவின் நம்பரைத் தப்பாகப் போட்டோமா? இல்லை. சிம்மில் பிரச்சினையா? இல்லை, அப்பா கூப்பிட்டால் எடுக்கிறதே.

அப்பாவையே சந்தேகப்பட்டேன். பெட்டிக்கு வெளியே ஏதாவது ஒயரை மாற்றி மாட்டிவிட்டாரா? போன் பண்ணிக் கேட்டேன்.

“மிஷினு ஓடுது. நான் என்னத்தக் கண்டேன்?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைசியில்தான் அந்த எச்சரிக்கை வரிகளிடம் வந்தேன். எப்போதும் தோல்வியடையும் என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொல்கிறானே, என்னதான் சொல்கிறான் என்று கேட்டுப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

லிங்க்கர் வேலை என்னவென்றால், நாம் எழுதியதையும் லைப்ரரியில் ஏற்கனவே எழுதி வைத்திருப்பதையும் சேர்த்து ஒன்றாகத் தைப்பது. நாம் ‘ப்ரிண்ட்’ என்று ஒரு வார்த்தை எழுதினால், அது லைப்ரரிக்குப் போய் ப்ரிண்டை அழைத்து வரும். ப்ரிண்ட் தனியாக வராது. கல்யாணத்துக்கு ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால் மச்சினன், மச்சினன் பிள்ளைகள் என்று வேனில் வந்து இறங்குவார்களே, அப்படி வரும். ப்ரிண்ட்டோடு ரைட் வரும், ரைட்டோடு ஃபைலைத் திறக்கிற, மூடுகிற கூட்டமெல்லாம் வரும்.

எங்கள் போர்டில் ஃபைலே கிடையாது. ஹார்ட் டிஸ்க் இல்லை, ஃபோல்டர் இல்லை. அப்படிப்பட்ட போர்டுகளுக்காக லைப்ரரிக்காரர்கள் க்ளோஸ், ரீட், ரைட் என்ற பெயர்களில் சும்மா ஆளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால், “முடியாது” என்று சொல்வதுதான் அந்த ஆளின் மொத்த வேலை. அந்த ஆள் முதுகில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறார்கள்: இவன் எப்போதும் தோற்பான். யார் அவனை அழைத்து வந்தாலும் லிங்க்கர் அந்தச் சீட்டைச் சத்தமாகப் படிக்கும். கெட்ஸ் மேலேயும் அப்படி ஒட்டி வைத்த சீட்டுதான் அன்றைக்கு லேபில் வந்தது.

லிங்க்கருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வந்தவனிடம் நாம் உண்மையிலேயே வேலை சொல்லப் போகிறோமா, சும்மா பந்தியில் உட்காரத்தான் வந்திருக்கிறானா என்று அதற்குத் தெரியாது. போர்டு நம்பரைப் படித்ததும், மோடத்துக்கு எழுதியதும் நாங்களே எழுதிய வேறு ஃபங்ஷன்கள். அந்த ரீடும் ரைட்டும் சும்மா வந்து உட்கார்ந்திருந்தவர்கள். பழைய லைப்ரரியிலும் அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு மட்டும் எங்கள் கண்ணில் படாமல் இருந்தது.

அப்படியென்றால் பாஸ்கர் சார் சொன்னதுதான் சரி, கண்டுக்காமல் விடலாம். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அப்புறம் மோட்டார் ஏன் முறை மாறவில்லை?

நீட்டிக்கொண்டிருந்த வரி

டீ வந்தது. குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன், படிக்கவில்லை, சும்மா பார்த்தேன். அந்த வரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளம். ஒன்று மட்டும் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

முன்பு அப்படி ஒரு நீட்டல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் படித்தேன்.

‘கெட்-டைம்-ஆஃப்-டே’ எழுதப்படவில்லை, எப்போதும் தோல்வியடையும்.

மணி என்ன என்று சொல்கிற ஃபங்ஷன்.

பாஸ்கர் சார் மாற்றி எழுதிய இடத்தில் டைம் என்று கூப்பிட்டிருந்தார். லேப்டாப்பில் சோதித்தபோது லேப்டாப்புக்குக் கடிகாரம் உண்டு, பதில் சொன்னது. போர்டில் இந்த சும்மா ஆள்தான் நிற்கிறான். மணி என்ன என்று கேட்டால் “தெரியாது” என்பதற்கு அடையாளமாக மைனஸ் ஒன்று என்று சொல்வான். எப்போது கேட்டாலும் மைனஸ் ஒன்று.

எங்கள் ப்ரோக்ராம் அதைத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளவில்லை, மணி என்றே எடுத்துக்கொண்டது. அப்பாவின் முறை ஆரம்பித்தது எப்போது? மைனஸ் ஒன்று. இப்போது மணி என்ன? மைனஸ் ஒன்று. எவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது? ஒன்றுமே ஆகவில்லை. ஆக, கரண்ட் வந்து போகிற வரைக்கும் அப்பாவின் முறை அப்போதுதான் ஆரம்பித்த மாதிரியே இருக்கும். அடுத்த தடவை கரண்ட் வந்தால் மறுபடி மூத்தவருக்குத்தான் முதல் முறை.

அந்தச் சிரிப்பு வருகிற வரிகளுக்கு நடுவில் ஒரே ஒருவன் நிஜமாகக் கத்திக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வெறுமனே கத்துகிறார்கள் என்று தெரிந்துவிட்டதால் இவனையும் நாங்கள் கேட்கவில்லை.

பாஸ்கர் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது என்னங்க பேஜாரா கீது? எல்லாத்தையும் ஒரே மாதிரி சொன்னா எவன் கண்டான்?”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அதே கேள்விதான்.

போர்டின் சிப்புக்குள் துடிப்பை எண்ணுகிற ஒரு கவுண்டர் உண்டு. அதைப் பார்த்து மணி சொல்லும்படி அந்த ஃபங்ஷனை நானே எழுதினேன். நாமே எழுதிக் கொடுத்தால் லிங்க்கர் லைப்ரரியின் சும்மா ஆளை அழைத்து வராது. நீட்டிக்கொண்டிருந்த வரி மறைந்தது. மற்ற வரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இந்தத் தடவை முறை மாறுகிற வரைக்கும் போர்டை மேஜையில் வைத்து, இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மாறியது.

மறுபடி கொட்டகை வாசலில்

பெட்டியை மாட்டுகிறபோது இரண்டு பேரும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி வரவழைத்தேன். அப்பா கொட்டகையின் கிழக்குப் பக்கம் நின்றார். சித்தப்பா மேற்குப் பக்கம். நான் நடுவில் ஸ்க்ரூடிரைவரோடு.

சித்தப்பாவுக்குத்தான் விளக்கினேன். லிங்க்கர், லைப்ரரி எல்லாம் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற ப்ரோக்ராம் மணி கேட்டிருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை, அதனால் அப்பாவின் முறை முடிந்ததே அதற்குத் தெரியவில்லை என்றேன். யார் மேலும் அதற்குப் பாசம் கிடையாது, பெரியவர் சின்னவர் தெரியாது என்றேன். இப்போது சரிசெய்துவிட்டேன் என்றேன்.

அவர் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார்.

“அப்ப அதுக்கு மணியே தெரியாது.”

“தெரியாது சித்தப்பா.”

“நீ வேணும்னு பண்ணல.”

“சத்தியமா இல்ல சித்தப்பா.”

“சரி வுடு. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரைப் பையில் வைக்கப் போனேன்.

“அது மிஷினு பாப்பா. அதுக்கு மணி தெரியல, ஒத்துக்கிறேன். உங்கப்பனுக்குமா தெரியல?”

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

“கையில வாட்சு கட்டிக்கினு கீறாரு. தண்ணி என் முறையிலயும் கரும்புக்குப் போவுது, பாத்துக்கினு கீறாரு. ஒரு மிஸ்டு கால் குடுத்திருந்தா நின்னுருக்கும், முறை எனக்கு வந்திருக்கும். ஒரு நாளாவது குடுத்தாரான்னு கேளு.”

நான் கேட்கவில்லை. எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. சிம்மைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன், லைப்ரரியில் யாரோ எழுதிய வரியைத் தோண்டித் துருவினேன். தண்ணீர் ஓடுவதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் நினைக்கவில்லை. அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. கூடவே, தம்பி முன்னால் அவர் இப்படி நிற்பதைப் பார்க்க அழுகையும் வந்தது. எதைச் செய்வது என்று தெரியாமல் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்பா கரும்பைப் பார்த்தபடி நின்றார். வாட்சை ஒரு தடவை மணிக்கட்டில் மேலே தள்ளினார். பிறகு, என்னிடம் சொல்லாமல், நேராகத் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“தெரியும்டா.”

சித்தப்பா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

“தெரிஞ்சிக்கினுதான் இருந்தேன். தானா ஓடுது, நாமளா நிறுத்தணும்னு என்னா இருக்குதுன்னு வுட்டுட்டேன். உன் மல்லாட்ட வாடுறதையும் பாத்தேன்.”

எத்தனையோ வருஷம் கழித்து அவர் அந்த ‘டா’வைச் சொன்னார். சித்தப்பாவின் தாடை இரண்டு தரம் அசைந்தது. கொட்டகைச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“இத்த சொல்ல இவ்ளோ நாளா உனக்கு?” என்றார். “நான் என்னமோ நீ பொண்ண வெச்சு மிஷினுல சூது பண்ணிட்டன்னு, ஊர் பூரா இந்தப் பொண்ணு பேர கெடுத்துக்கினு திரியறேன்.”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

“நீ மணி வெச்சது வெச்சபடியே இருக்கட்டும் பாப்பா. ஆனா முறை முடியறப்ப அது மட்டும் நின்னா எனக்குப் பத்தாது. அவரு வாயால எனக்குப் போன் பண்ணி சொல்லணும், உன் முறை வந்துட்டுதுடான்னு. பண்ணுவாரான்னு கேளு.”

இதையும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் பக்கத்தில் போனேன். போனை என் கையில் கொடுத்தார்.

“மோட்டாரு நம்பரு கீது. இவன் நம்பரு இதுல இல்லம்மா.”

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் சித்தப்பாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் மல்லாட்டை வயலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொன்னார். நான் தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு தரம் நிறுத்தினார். இருமிவிட்டு மீதியைச் சொன்னார்.

“என்ன பேரு போடட்டும்பா?”

அப்பா என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“என்னா பேரு போடுவாங்க? தம்பின்னு போடு.”